சலிப்பறியாத ஆசிரியர்

"தந்தி!" என்று வாசலில் குரல் கேட்டால் வீட்டிலுள்ளோர் நெஞ்சு திடுக்கிட்ட காலம் ஒன்று உண்டு. பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் மூத்தோர் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஊரில் குழந்தை பிறந்தாலும் தந்தி. பெரியவர் கண்ணை மூடினாலும் தந்தி. பிரித்துப் படிக்கும் வரையில் இன்னது என்று தெரியாது. அந்தத் தந்திச் சேவையே 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் முடிவுற்றது.

தந்திக்கு நெடுங்காலம் உயிராக இருந்தது மோர்ஸ் குறியீடு. அதைக் கற்பிக்க, ஒரு காலத்தில் வீட்டுக் கணிப்பொறிகள் எவ்வாறு ஆசிரியராக வந்து அமர்ந்தன என்பதைப் பற்றி இவ்விதழில் சிறிது சொல்ல விரும்புகிறோம். பழங்கதை போலத் தோன்றினாலும், அயலூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கத் தவிக்கும் நமக்கு அதில் ஒரு பாடம் இருப்பதாகக் கருதுகிறோம்.

புள்ளியும் கோடும்

அமெரிக்காவில் சாமுவேல் மோர்ஸ் 1844ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குத் தம் முதல் பகிரங்கத் தந்தியை அனுப்பினார். எழுத்து ஒவ்வொன்றுக்கும் புள்ளியும் கோடுமாக ஓர் அடையாளம். புள்ளி ஒரு மாத்திரை என்றால் கோடு மூன்று மாத்திரை. ஓர் எழுத்தின் உறுப்புக்களுக்கு நடுவே ஒரு மாத்திரை மௌனம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. குறிலையும் நெடிலையும் மாத்திரை கொண்டு அளந்து பழகிய தமிழருக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றாது.

வேகத்தை அளக்க ஆங்கிலத்தில் 'பாரிஸ்' என்ற சொல்லை உரைகல்லாகக் கொண்டனர். அச்சொல்லையும் அதன் பின்வரும் இடைவெளியையும் சேர்த்துக் கூட்டினால் சரியாக 50 மாத்திரை வரும். நிமிடத்துக்கு 12 சொற்கள் என்றால் 600 மாத்திரை. அதாவது மாத்திரை ஒன்றுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் உதவும்.

தந்தி அலுவலகங்களில் தொலையச்சுப் பொறிகள் வந்த பிறகு மோர்ஸுக்கு வேலை குறைந்தது. ஆயினும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் அதை விடவில்லை. ஹாம் என்று அழைக்கப்படும் இவர்கள், அரசின் உரிமம் பெற்று, ஊதிய நோக்கமின்றித் தம் வீட்டிலிருந்தே வானொலி வழியாக உலகோடு உரையாடுவோர். நம் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாமே. சிற்றலை வானொலியில் முழு உரிமம் வேண்டுமானால் மோர்ஸ் தேர்வு எழுதியே தீர வேண்டும் என்பது அந்நாளைய விதி. பிரிட்டனில் நிமிடத்துக்கு 12 சொற்கள். அமெரிக்காவில் படிப்படியாக 5, 13, 20 சொற்கள். இந்தியாவில் இரண்டாம் தரத்துக்கு 5, முதல் தரத்துக்கு 12. மின்னணுவியல் பாடத்தில் கரை கண்டவர்கள் கூட இந்தத் தேர்வின் முன்னே கலங்கி நின்றதுண்டு.

தனியே கற்போரின் தவிப்பு

மோர்ஸ் கற்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் சாவியைத் தட்ட வேண்டும். மற்றவர் கேட்டு எழுத வேண்டும். தந்தி அலுவலகத்தில் அதற்குக் குறையில்லை. ஆனால் எங்கோ ஒரு சிற்றூரில், வேறு ஹாம் எவரும் அருகில் இல்லாத ஒருவர் என்ன செய்வார்? மனைவியையோ தம்பியையோ தட்டச் சொல்லலாம் என்றால் அவர்களும் முதலில் கற்றாக வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் வீதம் பல மாதங்கள் தட்டிக்கொண்டிருக்க எவருக்குப் பொறுமை உண்டு?

இதற்குச் சில மாற்று உபாயங்கள் இருந்தன. இசைத்தட்டுக்களும் காஸெட்டுகளும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்க ஹாம்களின் சங்கம் தன் சொந்த நிலையத்திலிருந்து பயிற்சிக்கென்றே நாள்தோறும் மோர்ஸ் ஒலிபரப்பியது. ஒலிபரப்போ அதற்குரிய நேரத்தில்தான் வரும். நம் சௌகரியத்துக்கு நிற்காது. காஸெட்டின் குறை வேறு. பத்து முறை கேட்டதும் அடுத்து வரப்போகும் எழுத்து இன்னதென்று மனப்பாடமாகிவிடும். கற்பவர் மோர்ஸில் தேறிவிட்டதாக எண்ணி மகிழ்வார். உண்மையில் அவர் தேறியது அந்த ஒரு காஸெட்டில் மட்டுமே. புதிய செய்தியொன்று காதில் விழுந்தால் கை ஓடாது.

இந்த நிலையில்தான் வீட்டுக் கணிப்பொறி வந்தது.

ஊமைப் பொறியும் பேசும் பொறியும்

1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆப்பிள் 2, டிஆர்எஸ் 80, கமடோர் பெட் ஆகிய மூன்று பொறிகளும் சந்தைக்கு வந்தன. பிரிட்டனில் கிளைவ் சிங்கிளேர் என்பவரின் நிறுவனம் 1981ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இசட்எக்ஸ் 81 என்ற சிறு பொறியை வெளியிட்டது. நாமே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்வதானால் விலை 50 பவுனுக்கு ஐந்து பென்னி குறைவு. சேர்த்துக் கொடுத்தால் 70 பவுனுக்கு ஐந்து பென்னி குறைவு. சாதாரணக் குடும்பத்துக்கும் கணிப்பொறி எட்டியது அப்போதுதான்.

ஆனால் இசட்எக்ஸ் 81 ஓர் ஊமை. அதில் ஒலிபெருக்கி இல்லை. ஒலியெழுப்பும் கட்டளையும் இல்லை. டிஆர்எஸ் 80ன் முதல் மாதிரியும் அப்படியே. ஆர்வலர்கள் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. நிரலை டேப் ரிக்கார்டரில் சேமிப்பதற்காகப் பொறியில் ஒரு துளை இருந்ததல்லவா? அதன் வழியே வரும் மின்சாரத் துடிப்பைச் சிறு ஒலிபெருக்கியில் கொடுத்தால் சப்தம் வரும். ஆப்பிளில் ஒலிபெருக்கி இருந்தது. எனினும் நிரல் அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஒரே ஒரு சொடுக்குத்தான் எழும். நொடிக்குப் பல நூறு முறை தொட்டால்தான் சுருதி பிறக்கும்.

1982ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரம் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதன் பேசிக் மொழியில் 'பீப்' என்று ஒரு கட்டளை உண்டு. எத்தனை நொடி ஒலிக்க வேண்டும், எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். முன்னே சொன்ன கணக்கை இங்கே கொண்டு வருவோம். நிமிடத்துக்கு 12 சொற்கள் என்றால் மாத்திரை 0.1 நொடி. ஆகவே 'பீப் 0.1, 17' என்றால் புள்ளி, 'பீப் 0.3, 17' என்றால் கோடு. 'பாஸ்' என்ற மற்றொரு கட்டளை நொடியில் 50ல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு காத்திருக்கும். 'பாஸ் 5' என்றால் அது ஒரு மாத்திரை மௌனம். பிரிட்டனின் தேர்வுக்குரிய வேகம் இத்தனை எளிய எண்களில் அடங்கியது. கட்டளைகளை வாசித்துப் பொருள் கொள்ளப் பொறிக்கே சிறிது நேரம் பிடிக்குமாதலால், மௌனத்தைக் கொஞ்சம் குறைத்து எழுத வேண்டும்; அவ்வளவே.

பிபிசி மைக்ரோ என்ற பொறியிலும் இது எளிதாயிருந்தது. நம் மத்திய அரசு 1984-85ல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்பத் தொடங்கிய திட்டத்தில் இந்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இந்தப் பொறியே. கமடோர் 64லோ அருமையான இசைச் சில்லு ஒன்று இருந்தும், பேசிக்கில் அதற்குத் தனிக் கட்டளை இல்லை. 54272 முதலான நினைவக எண்களில் ஒவ்வொன்றாக மதிப்புக்களை இட்டுத்தான் அதைப் பேச வைக்க வேண்டும்.

அன்று நிரல்கள் பெரும்பாலும் பத்திரிகைகளில் அச்சாகி வந்தன. வாங்கியவர் வரி வரியாகப் பார்த்துத் தட்ட வேண்டும். எழுத்துக்களின் அட்டவணையை அடக்குவதில்தான் சாமர்த்தியம் தேவைப்பட்டது. இசட்எக்ஸ் 81ன் மொத்த நினைவகம் 1024 பைட்டுகளே. அதற்கு ஓர் அழகிய உபாயம் உண்டு. புள்ளியைச் சுழியம் என்றும் கோட்டை ஒன்று என்றும் வைத்து, முன்னால் காவலாக ஓர் ஒன்றைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு எழுத்தும் ஒரே எண்ணாகிவிடும். 'ஏ' என்ற எழுத்து புள்ளி, கோடு. அது இரும எண்ணில் 101, அதாவது 5. 'என்' என்பது கோடு, புள்ளி. அது 110, அதாவது 6. இவ்விதம் 26 எழுத்துக்களும் 10 இலக்கங்களும் 36 பைட்டுகளில் அடங்கிவிடும்.

இந்த ஆசிரியரின் குணநலன்கள்

இப்பொறியிடம் மூன்று நற்குணங்களைக் காண்கிறோம். முதலாவது, அதற்குச் சலிப்பில்லை. நள்ளிரவிலும் தட்டும், ஒரே எழுத்தை நூறு முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. கூச்சமுடையோருக்கு இது எத்தனை ஆறுதல் என்பதைப் பிறர் முன்னிலையில் பிழை செய்து நாணியவர்களே அறிவர். இரண்டாவது, அதன் மாத்திரை பிசகாது. கோடு என்றால் எப்போதும் மூன்று மாத்திரை. மனிதக் கையைப் போல் களைத்து நீளாது. மூன்றாவது, அது எழுத்துக்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கும். காஸெட்டைப் போல் மனப்பாடம் செய்ய இடம் கொடுக்காது. எந்த எழுத்தில் தவறு மிகுதியோ அதை அடிக்கடி கேட்கும்படியும் நிரல் எழுதலாம். காஸெட்டால் ஒருநாளும் செய்ய இயலாத காரியம் இது.

குறைகளும் இல்லாமல் இல்லை. குலுக்கல் என்பதே பாதிப் பொய். ஸ்பெக்ட்ரத்தில் மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் குலுக்கல் அதே வரிசையில் மீண்டும் தொடங்கும்; அதைக் கலைத்துவிட 'ராண்டமைஸ்' என்று தனியே ஒரு கட்டளை இட வேண்டும். அதை மறந்தவருக்குப் பழைய காஸெட்டின் கதைதான். இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அட்டவணையைத் தட்டும்போது ஓர் எண் பிழைத்துவிட்டால், பொறி அந்தப் பிழையையும் அதே பொறுமையோடு, அதே துல்லியத்தோடு, நாள்தோறும் கற்பிக்கும். மாணவர் சரியாகச் சொன்னால் 'தவறு' என்று கண்டிக்கவும் செய்யும்! மனித ஆசிரியர் ஒருவர் என்றேனும் தம் பிழையைத் தாமே உணரக்கூடும், பொறி உணராது.

அனுப்பும் கையைத் திருத்துவதும் அதற்கு எளிதாயில்லை. கமடோரின் விளையாட்டுக் கைப்பிடியில் உள்ள சுடும் பொத்தான் வெறும் மின்விசையே. அதன் இரு கம்பிகளை மோர்ஸ் சாவியில் இணைத்தால் நாம் தட்டுவதைப் பொறி கேட்கும். ஒலி இரண்டு மாத்திரைக்குக் குறைந்தால் புள்ளி, மிகுந்தால் கோடு என்று பிரித்து எழுத்தைத் திரையில் காட்டும். சீராகத் தட்டுவோருக்கு இது போதும். ஆனால் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. பழகிய தந்திக்காரர், முகம் காணாமலே, தட்டும் விதத்தைக் கொண்டு தட்டுபவர் இன்னார் என்று சொல்லிவிடுவார். அந்த நடையைப் பொறி அறியாமல், கண்டபடி எழுத்துக்களைக் கொட்டும். வானொலியில் வருவதோ மனிதக் கை. கூடவே இரைச்சல், தேய்வு, பிற நிலையங்களின் குறுக்கீடு எல்லாம் உண்டு. பொறியின் தூய ஒலியிலேயே பழகிய காது முதல் நாள் அங்கே திகைத்தே நிற்கும்.

மேட்டில் நின்றுவிடும் மாணவர்

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருவோம். மோர்ஸ் கற்போர் பலர் நிமிடத்துக்கு ஏழு, எட்டுச் சொற்கள் வரையில் மளமளவென்று ஏறுவர்; பிறகு வாரக்கணக்கில் ஓரங்குலமும் நகரார். அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1897லேயே தந்தி கற்போரை வைத்து இத்தகைய தேக்கத்தை வரைபடமாக வரைந்து காட்டினர். கற்றல் பற்றிய உளவியலில் அது இன்றும் பேசப்படும் ஆய்வு.

தேக்கம் ஏன் வருகிறது? மெதுவாகக் கற்றவர் புள்ளிகளை எண்ணுகிறார். 'எஸ்' மூன்று புள்ளி, 'எச்' நான்கு புள்ளி, இலக்கம் ஐந்துக்கு ஐந்து புள்ளி என்று விரல் விட்டு எண்ணி, மனத்துக்குள் அட்டவணையைப் புரட்டி, எழுத்தைக் கண்டுபிடித்து எழுதுகிறார். வேகம் கூடியதும் எண்ண நேரமில்லை. விட்டுப்போன ஓர் எழுத்தை நினைத்துக்கொண்டிருக்கையில் அடுத்த ஐந்து எழுத்துக்கள் பறந்துவிடுகின்றன. தேர்வில் தோற்றோர் பலர் இப்படித் தோற்றவர்களே.

இதற்கு மருந்தும் அப்போதே இருந்தது. 1930களில் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்பவர், முதல் நாளிலிருந்தே எழுத்தை முழு வேகத்தில் ஒலித்துக் காட்ட வேண்டும் என்றார். ஆனால் எடுத்த எடுப்பில் இரண்டே எழுத்துக்கள். அவ்விரண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவதைச் சேர்க்க வேண்டும், பிறகு நான்காவது. இம்முறையில் மாணவர் 'டா-டிட்-டா' என்ற ஓசையைக் கேட்டதும், எண்ணாமலே, 'கே' என்று உணர்கிறார். ஒரு சுரக்கோவையைக் கேட்டதும் ராகத்தை அடையாளம் காண்பது போன்றது இது. பார்ன்ஸ்வொர்த் என்ற அமெரிக்கரின் பெயரால் வழங்கும் முறையும் இதற்கு உறவே. எழுத்தை விரைவாக ஒலித்து, எழுத்துக்களுக்கு நடுவே மௌனத்தை மட்டும் நீட்டுவது அது.

கோக் முறைக்கு மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி ஆசிரியர் வேண்டும். அவர் நூற்றுக்கு எத்தனை என்று கணக்கும் வைக்க வேண்டும். இவ்வேலைக்கென்றே பிறந்தது போன்றது கணிப்பொறி. ஆயினும் அக்காலத்து நிரல்கள் பலவும், 'வேகம் எவ்வளவு?' என்று ஒரே ஓர் எண்ணைக் கேட்டுப் புள்ளி, கோடு, மௌனம் அனைத்தையும் ஒருங்கே மெதுவாக்கின. தொடக்கத்தில் ஐந்து என்று கொடுத்தவர் எண்ணிக் கற்றார். எண்ணிக் கற்றவர் மேட்டில் நின்றார். ஒரே பொறிதான், நிரலில் இரண்டு எண்களைத் தனித்தனியே வைத்தவருக்கு அது நல்லாசிரியராயிற்று. பொறி எத்தனை உயர்ந்ததாயினும், எதை எவ்விதம் கற்பிப்பது என்ற அறிவு மனிதரிடமிருந்தே அதற்குப் போக வேண்டியிருந்தது.

மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். நிரலைக் காஸெட்டில் வாங்கி ஓட்டியவரைவிடத் தாமே எழுதியவர் ஒரு படி முன்னேயே நின்றிருப்பார். 36 எழுத்துக்களையும் ஒவ்வொன்றாக எண்ணாக்கி, மாத்திரையைக் கணக்கிட்டு, ஒலித்துப் பார்த்துத் திருத்தி முடிப்பதற்குள் பாதி மோர்ஸ் அவருக்குள் இறங்கியிருக்கும். பிறருக்குக் கற்பிக்க முனைந்தவரே நன்றாகக் கற்கிறார் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நமக்குரிய பாடம்

கடலில் செல்லும் கப்பல்கள் ஆபத்துக் காலத்துக்கு மோர்ஸை நம்பியிருந்த ஏற்பாடு 1999ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளோடு முடிந்தது. ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் வேண்டுமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று 2003ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு தீர்மானித்தது. பிரிட்டன் அவ்வாண்டே தேர்வைக் கைவிட்டது. அமெரிக்கா 2007ல் கைவிட்டது. கட்டாயம் நீங்கிய பிறகும் மோர்ஸ் மறையவில்லை. விருப்பத்தால் கற்போர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். அவர்களுடைய கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் இன்று கோக் முறை நிரல்கள் எளிதில் கிடைக்கின்றன. ஸ்பெக்ட்ரத்தில் 'பீப்' என்று தொடங்கிய வேலையின் தொடர்ச்சியே அவை.

நம் வீடுகளுக்கு வருவோம். இந்தி வழங்கும் ஊரிலோ வங்காளத்திலோ வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலேயே நின்றுவிடுகின்றனர். 'அ' முதல் 'ன' வரை அறிவர். ஒரு பத்தியைச் சரளமாகப் படிக்கத் தெரியாது. இதுவும் அந்த மேடுதான். எழுத்தை எண்ணிக் கற்ற பிள்ளை, சொல்லை முழுதாகக் கேட்டுப் பழகவில்லை. அவர்களுக்காக நாம் பேச்சை மெதுவாக்கி உடைத்துக் கொடுப்பதைவிட, இயல்பான வேகத்திலேயே, கொஞ்சமாக, நாள்தோறும் பேசுவது நலம். இரண்டே வாக்கியமாயினும் முழு ஓசையோடு காதில் விழட்டும். அவை படிந்த பிறகு மூன்றாவது வரட்டும். பெரிய பிள்ளைக்குச் சிறியவனைப் படிப்பிக்கும் பொறுப்பையும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் என்ற வகுப்பைவிட, இரவு உணவு வேளையில் நாளும் கால் மணி நேரம் அதிகப் பயன் தரும் என்பது நம் எண்ணம். அதற்குப் பொறியும் உதவும், வேண்டாம் என்போமல்லோம். ஆனால் பாட்டியின் பேச்சில் உள்ள நடையைப் பிள்ளையின் காது அடையாளம் காண வேண்டுமானால், பாட்டியே பேசியாக வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் வரையில் காத்திராமல், இன்றிரவே தொலைபேசியில் பிள்ளைகளை அவரோடு பேச வையுங்கள்.